செல்ஃப் எடுக்கவில்லை என்றால்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். காலையில் அவசரமாகக் கிளம்பும்போதுதான் வண்டியில் செல்ஃப் எடுக்காது. உடனே கார் கம்பெனியைத் திட்டுகிறோம். அந்த ஸ்டார்ட்டர் மோட்டாரும் பாட்டரியும் பெரும்பாலும் அந்தக் கம்பெனி செய்ததே இல்லை. வெளியில் வாங்கிப் பூட்டியது. கார் தொழிலின் ஆரம்ப நாளிலிருந்தே இப்படித்தான். இரும்பை வார்க்கவும் கடையவும் தெரிந்தவர்களுக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் மின்சார வேலை வேறு உலகம்.

எனக்குப் பிடித்தது டேட்டன் கதை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஊர் அது. அங்கே நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில், அதாவது கடைகளுக்குக் கல்லா இயந்திரம் செய்யும் இடத்தில், சார்லஸ் கெட்டரிங் என்ற இன்ஜினியர். வேலை முடிந்ததும் எட்வர்ட் டீட்ஸ் என்ற நண்பர் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து காருக்கு இக்னிஷன், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி கொடுக்கும் அமைப்பு, செய்துகொண்டிருந்தார். 1909-ல் காடிலாக் கம்பெனியின் ஹென்றி லேலண்ட் அதற்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்துவிட்டார். சரி, தொழிற்சாலை எங்கே? டெல்கோ என்று கம்பெனி தொடங்கினார்கள். சரக்கை சிகாகோவில் டெலிபோன் சுவிட்ச்போர்டு செய்யும் கெல்லாக் கம்பெனியிடம் செய்து வாங்கினார்கள். காடிலாக் வெளியே வாங்குகிறது, விற்பவரும் வெளியேதான் வாங்குகிறார்!

அப்புறம்தான் செல்ஃப். அதுவரை முன்னால் நின்று ஹேண்டில் சுற்ற வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போச்சு. அவ்வளவு கனமான இன்ஜினைச் சுற்ற எத்தனை பெரிய மோட்டார் வேண்டும்? கெட்டரிங் கல்லா இயந்திரத்துக்கு மோட்டார் வைத்தவர். கல்லா திறக்க ஒரு நொடி பலம் போதும், நாள் முழுக்க ஓட வேண்டாம். அதே கணக்குதான் இங்கேயும். சின்ன மோட்டாருக்கு அதன் தாங்குசக்திக்கு மீறிய கரண்ட்டைச் சில விநாடி மட்டும் கொடுத்தார். மோட்டார் சூடாவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். 1912 மாடல் காடிலாக்கில் அது வந்துவிட்டது. கார் பட்டறைக்குள்ளேயே இருந்தவருக்கு இது தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வெளியே வாங்குவதில் தலைவலியும் உண்டு. ஃபோர்டு மாடல் டி-யில் நான்கு சிலிண்டருக்கும் பொறி கொடுக்க நான்கு காயில், ஒவ்வொன்றும் மரப்பெட்டிக்குள், வண்டு மாதிரி ரீங்காரமிடும். ஆரம்பத்தில் ஹைன்ஸ், கிங்ஸ்டன் என்று பல பேரிடம் வாங்கினார்கள். ஒருவர் காயில் இன்னொருவர் பெட்டியில் உட்காராது. ஸ்பேர் வாங்கப் போனவர் பாடு திண்டாட்டம்தான். பிறகுதான் எல்லோருக்கும் ஒரே அளவு என்று வைத்தார்கள்.

நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பாஷ் பற்றித்தான் அதிகம் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் செய்த மேக்னெட்டோ பாட்டரி இல்லாமலே பொறி கொடுக்கும். பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலும் அதை நம்பி ஓடின. 1914-ல் போர் வந்ததும் சப்ளையர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். ராணுவ லாரிக்கும் விமானத்துக்கும் மேக்னெட்டோ தட்டுப்பாடு. பர்மிங்காமில் விளக்கு செய்து பேர் வாங்கிய லூகாஸ், தாம்சன்-பென்னெட் என்ற மேக்னெட்டோ கம்பெனியை அந்த வருடமே வாங்கியது. அதே லூகாஸ்தான் பின்னாளில் டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து நம் சென்னைப் பாடிக்கு வந்தது; அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.