சிதறும் ஒளிக்கு வலுவூட்டுதல்

நேயர்களுக்கு என் வணக்கம்.

மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் திரவம் என்னவென்று, குப்பியைத் திறக்காமலேயே சொல்லிவிட முடியும். ஒற்றை நிற லேசர் கதிரை அதன் மீது பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால், பாய்ச்சிய ஒளியில் இல்லாத வேறு சில நிறங்களும் அதில் மிக மங்கலாகத் தென்படும். மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருப்பவை. அவை ஒளியிடமிருந்து சிறிது ஆற்றலை வாங்கிக்கொள்வதாலும், சில வேளை தம்மிடம் உள்ளதைக் கொடுப்பதாலும் அந்தப் புதிய நிறங்கள் பிறக்கின்றன. எந்தெந்த நிறங்கள் பிறக்கும் என்பதை மூலக்கூறின் அமைப்பே தீர்மானிப்பதால், அவற்றின் வரிசையைக் கொண்டு பொருளை அடையாளம் காண முடிகிறது. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த இந்தச் சிதறலைத்தான் இன்று ராமன் விளைவு என்கிறோம்.

இந்த முறைக்கு ஒரே ஒரு பெருங்குறை உண்டு. சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றுதான் இப்படி நிறம் மாறி வருகிறது. திரவமும் தூளும் கைநிறைய இருக்கும்போது இது பெரிய தடையன்று. ஆனால் நீரில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் பூச்சிக்கொல்லியையோ, இரத்தத்தில் உள்ள மருந்தின் சுவட்டையோ தேடும்போது, சமிக்ஞை இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாமல் போய்விடுகிறது.

மின்னணுவியல் இவ்வளவு வளர்ந்த காலத்தில், வரும் சமிக்ஞையைப் பெருக்கிக்கொண்டால் போயிற்றே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒளித்துகள்கள் சீராக அணிவகுத்து வருவதில்லை. மழைத்துளி விழுவதைப் போல முன்பின்னாகத்தான் வருகின்றன. நூறு துகள்களை எதிர்பார்க்கும் இடத்தில் பத்து கூடலாம், பத்து குறையலாம். பத்தாயிரம் வந்தால் அந்த ஏற்ற இறக்கம் நூறு, அதாவது நூற்றில் ஒரு பங்கு. பெருக்கி, சமிக்ஞையைப் பெரிதாக்கும்போது இந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. காத்திருந்து அளப்பதென்றாலோ, தெளிவை இரண்டு மடங்காக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஆகவே சமிக்ஞை பிறக்கும் இடத்திலேயே அதற்கு வலுவூட்ட வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் அரை நூற்றாண்டு உழைப்பின் சாரம்.

எளிதாகத் தோன்றும் வழி, லேசரின் அலைநீளத்தைக் குறைப்பது. சிதறலின் வலிமை அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், 785 நானோமீட்டர் அகச்சிவப்பிலிருந்து 532 நானோமீட்டர் பச்சைக்கு வந்தாலே சிதறல் ஏறத்தாழ 4.7 மடங்கு கூடிவிடுகிறது. ஆனால் பச்சை ஒளி பட்டதும் பல கரிமப் பொருள்களும் அவற்றோடு கலந்துள்ள மாசுகளும் தாமே ஒளிரத் தொடங்கிவிடும். அந்த உடனொளிர்வு ராமன் சிதறலை விடப் பல லட்சம் மடங்கு பலமாக இருக்கக்கூடும் என்பதால், நாம் தேடும் மெல்லிய கோடுகள் அதில் மூழ்கிப்போகும். அதனால்தான் பல ஆய்வகங்கள் சிதறல் குறைந்தாலும் பரவாயில்லை என்று 785 நானோமீட்டரையே விரும்புகின்றன. என் அனுபவத்தில், பின்னணியைக் குறைப்பதும் சமிக்ஞையைக் கூட்டுவதற்குச் சமமான பலனையே தருகிறது. தேடும் மூலக்கூறு உறிஞ்சும் நிறத்தையே லேசருக்குத் தேர்ந்தெடுக்கும் ஒத்ததிர்வு முறையும் நூறு முதல் பல லட்சம் மடங்கு வரை வலிமை தருவது; ஆயினும் ஹீமோகுளோபின், கரோட்டின் போன்ற நிறமுள்ள மூலக்கூறுகளுக்கே அது உதவும்.

பெரிய திருப்பம் எதிர்பாராமல் வந்தது. 1974-இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மனும் அவருடைய சகாக்களும் வெள்ளி மின்வாய் ஒன்றின் பரப்பைத் திரும்பத் திரும்பச் சொரசொரப்பாக்கி, அதன்மீது ஒட்டிய பிரிடின் என்ற கரிமச் சேர்மத்தின் மூலக்கூறுகளின் ராமன் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். பரப்பு கூடியதால் ஒட்டியவையும் கூடின, அதனால் ஒளியும் கூடிற்று என்பது அவர்கள் தந்த விளக்கம். மூன்று ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஜீன்மேரும் வான் டைனும், இங்கிலாந்தில் ஆல்பிரெக்டும் கிரெய்ட்டனும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அந்த விளக்கம் போதவில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் வழக்கத்தை விட லட்சம் மடங்குக்கு மேல் வலுவாகச் சிதறியிருந்தது. வெள்ளிதான் ஏதோ செய்திருக்க வேண்டும்.

வெள்ளி, தங்கம் போன்ற உலோகங்களில் எலெக்ட்ரான்கள் கட்டின்றி உலவுகின்றன. சில பத்து நானோமீட்டர் அளவே உள்ள துகளின் மீது பொருத்தமான நிற ஒளி படும்போது, அத்தனை எலெக்ட்ரான்களும் ஒன்றுசேர்ந்து முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன. பிளாஸ்மான் என்பது இந்தக் கூட்டு ஊசலுக்குப் பெயர். அப்போது துகளின் பரப்பை ஒட்டிய மின்புலம், வந்த ஒளியின் மின்புலத்தை விடப் பல மடங்கு பெருகிவிடும். அங்கே அமர்ந்திருக்கும் மூலக்கூறுக்குக் கிடைக்கும் ஒளியும் கூடுகிறது; அது சிதறி அனுப்பும் ஒளியும் அதே துகளின் வழியே கூடுதலாக வெளியேறுகிறது. இரண்டும் சேரும்போது, மின்புலம் பத்து மடங்கானால் சமிக்ஞை பத்தாயிரம் மடங்காகிறது. இரண்டு துகள்கள் ஒன்றிரண்டு நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்குமானால், அந்த இடுக்கில் பெருக்கம் உச்சத்தைத் தொடும். 1997-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒற்றை மூலக்கூறின் ராமன் நிறமாலையையே பதிவு செய்ததாக அறிவித்தன.

அந்த இடுக்குகள் உருவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதில் எனக்கு இன்றும் மாறாத மகிழ்ச்சி உண்டு. தங்க நானோதுகள்கள் நீரில் மிதந்து நிற்கும் கூழ்மம் மாதுளைச் சாறு போன்ற சிவப்பு நிறம் கொண்டது. துகள்களின் மேல் போர்த்தியிருக்கும் சிட்ரேட்டின் எதிர்மின்னூட்டம் அவற்றை ஒன்றையொன்று அண்டவிடாமல் விலக்கி வைத்திருக்கிறது. அதில் சில துளி உப்புக்கரைசலை விட்டால் அந்த விலக்கல் தளர்ந்து, துகள்கள் நெருங்கத் தொடங்கும். சிவப்பு ஊதாவாகி, பிறகு நீலமாகும். ஊதாவிலிருந்து நீலத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் சமிக்ஞை ஓங்கி எழும். தாமதித்தால் துகள்கள் பெருங்கட்டிகளாகி அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீர்தான் மிஞ்சும்.

தொல்லை இங்கிருந்துதான் தொடங்குகிறது. நேற்று வந்த அளவு இன்று வருவதில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், குறிப்பிட்ட ஒரு வெள்ளிப் பரப்பில் எந்தெந்த இடம் எவ்வளவு பெருக்குகிறது என்று அளந்து பார்த்தார்கள். பத்து லட்சம் மூலக்கூறுகளில் வெறும் 63 மட்டுமே உச்சப் பெருக்கம் உள்ள இடங்களில் இருந்தன. மொத்தச் சமிக்ஞையில் 24 சதவீதம் அவற்றிடமிருந்தே வந்தது. மாதிரியில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதோடு, அவற்றில் எத்தனை அந்த இடுக்குகளுக்குள் போய்ச் சேர்ந்தன என்பதையும் சமிக்ஞை சார்ந்திருக்கிறது என்றால், பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடும் அளவறி பகுப்பாய்வுக்கு இதைவிடச் சங்கடமான நிலை வேறில்லை. மேலும், கந்தகமோ நைட்ரஜனோ உள்ள மூலக்கூறுகள் உலோகத்தோடு எளிதில் ஒட்டும். குளுக்கோஸ் போன்றவை ஒட்டவே தயங்கும். பரப்பிலிருந்து சில நானோமீட்டர் விலகி நின்றாலே பெருக்கம் கரைந்துவிடும் என்பதால், ஒட்டாத மூலக்கூறு நமக்குத் தென்படாமலே போகிறது.

நான் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள், நிறம் எவ்வளவு மாறியது என்பதைக் குறிக்கும் அலையெண் அளவில் 1350, 1580 ஆகியவற்றை ஒட்டி இரண்டு அகன்ற மேடுகள் மிக வலுவாக எழுந்தன. தேடிய பொருள் கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போனேன். மறுநாள் அந்தப் பொருளைச் சேர்க்காத வெற்று மாதிரியை வைத்துப் பார்த்தபோது, அதே இரண்டு மேடுகளும் வந்து நின்றன. லேசரின் சூட்டில் பரப்பில் இருந்த கரிமப் பொருள் கருகி, அந்தக் கரியைத்தான் வெள்ளி பல லட்சம் மடங்கு பெருக்கிக் காட்டியிருக்கிறது. வெள்ளிக்கு மாசும் மருந்தும் ஒன்றுதான். அருகில் இருப்பது எதுவோ அதைப் பெருக்கும். அன்று முதல் வெற்று மாதிரியை முதலில் அளக்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை.

அளவறி பகுப்பாய்வில் எனக்கு மிகவும் நம்பிக்கை அளிக்கும் வழி, உட்தரம் சேர்ப்பது. தேடும் மூலக்கூறிலேயே ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வடிவமான டியூட்டிரியம் அமைந்த இரட்டை ஒன்றைத் தயாரித்து, தெரிந்த அளவில் மாதிரியோடு கலந்துவிடுகிறோம். வேதிக்குணம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே விதமாக வெள்ளியில் ஒட்டுகின்றன, ஒரே இடுக்குகளுக்குப் போட்டியிடுகின்றன. டியூட்டிரியம் எடை கூடியது என்பதால் அதன் அதிர்வு மெதுவானது. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு 3000 அலையெண்ணை ஒட்டிக் காட்டும் கோட்டை, இது 2200-ஐ ஒட்டிக் காட்டுகிறது. கூழ்மம் இன்று நன்றாகத் திரண்டாலும், நாளை சரியாகத் திரளாவிட்டாலும், இரண்டு கோடுகளும் சேர்ந்தே உயர்கின்றன, சேர்ந்தே தாழ்கின்றன. அவற்றுக்கு இடையிலான விகிதம் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. அந்த விகிதத்தைத்தான் நாங்கள் அளவாக எழுதிக்கொள்கிறோம்.

நன்றி, வணக்கம்.