மேய்ப்பரின் குரலும் ஆயரின் கையெழுத்தும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் அடையாளத்தைக் காப்பது ஆயரின், அதாவது பிஷப்பின், கண்காணிப்பே என்றது எதிரணி. கற்பிப்பவரின் மனச்சான்றே காக்கிறது என்பது எங்கள் கட்சி.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக 1990இல் வெளியிட்ட சாசனத்தையும், இறையியல் கற்பிப்போர் ஆயரிடம் 'ஆணை' என்னும் ஒப்புதலைப் பெறவேண்டும் என்ற திருச்சபைச் சட்ட விதி அமெரிக்காவில் 2001 முதல் நடைமுறைக்கு வந்ததையும் எதிரணியினர் விரிவாகவே சொல்லிவிட்டார்கள். நான் 1967க்குப் போகிறேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம், வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், சார்லஸ் கரன் என்ற இளம் குருவின் ஆசிரியப் பணியை நீட்டிப்பதில்லை என்று ஆயர்கள் நிறைந்த அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அவருடன் பணியாற்றிய இறையியல் பேராசிரியர்களோ அவருக்குப் பதவி உயர்வே பரிந்துரைத்திருந்தார்கள். அவர் திரும்பாமல் நாங்கள் வகுப்பெடுக்கமாட்டோம் என்றார்கள் அவர்கள். மற்றத் துறையினர் சேர்ந்தார்கள், மாணவர்கள் சேர்ந்தார்கள், பல்கலைக்கழகமே நின்றது. அந்தக் காட்சியை இன்னொரு முறை மனக்கண்ணில் நிறுத்துங்கள், நடுவர் அவர்களே: குருக்களும் துறவியரும் படிக்கும் வளாகத்தில் அத்தனை வகுப்பறைகளும் ஒரு மனிதருக்காகக் காலியாகக் கிடக்கின்றன! சில நாட்களில் அறங்காவலர் குழு இறங்கிவந்தது. வேலையும் திரும்பியது, பதவி உயர்வும் கிடைத்தது.

பின்னர் 1986இல் வத்திக்கான் அவர் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று அறிவித்ததையும், 1989இல் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றதையும் நான் மறைக்கவில்லை. நீதிமன்றம் தீர்த்தது ஒப்பந்த வழக்கை. அந்த வகுப்பறைகளில் விசுவாசம் இருந்ததா என்ற கேள்வியை அன்று.

எதிரணித் தலைவர், "ஆயர் என்றாலே மேய்ப்பர்தான், மேய்ப்பரை வேண்டாம் என்னும் மந்தை ஓநாய்க்கு விருந்து" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். அந்த உவமையை நான் தலைமேல் வைத்து ஏற்கிறேன். நற்செய்தியில் அந்த மேய்ப்பர் என்ன செய்கிறார்? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, வழிதவறிய ஒன்றைத் தேடிப் போகிறார். கண்டதும் தோள்மேல் தூக்கிக்கொள்கிறார். கரனை அப்படி யார் தோளில் தூக்கினார்கள்? ஆடுகள் மேய்ப்பரின் குரலை அறியும் என்றுதான் யோவான் எழுதினார். கையெழுத்தை அறியும் என்று எழுதவில்லை. ஆணைத்தாளில் இடும் ஒப்பம் ஆசிரியர் என்ன சொல்லக்கூடாது என்பதை வரையறுக்கலாம். அவர் எதற்காக உயிரைக் கொடுப்பார் என்பதை அது அறியாது.

உயிர் என்றேன். 1989 நவம்பர் 16, எல் சால்வடோர் நாட்டின் தலைநகர் சான் சால்வடோர். ஏழைகளின் பக்கம் நின்று, உள்நாட்டுப் போரைப் பேசித் தீர்க்கச் சொன்ன குற்றத்திற்காக, மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்திற்குள் இருளில் நுழைந்த இராணுவத்தினர், அதன் தலைவர் இக்னாசியோ எல்லகுரியா உட்பட இயேசு சபைக் குருக்கள் 6 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். அங்கே சமையல் செய்த எல்பாவையும், அவருடைய மகள் செலினாவையும்கூட விடவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் கத்தோலிக்கமானதுதானா என்று அந்த இரவில் யார் வந்து சோதிக்கவேண்டியிருந்தது?

எல்பாவின் கணவர் ஒப்துலியோ ஒரு தோட்டக்காரர். குருக்களின் உடல்கள் கிடந்த அந்தப் புல்வெளியில், மனைவியையும் மகளையும் இழந்த அந்த மனிதர், தம் கையால் ரோஜாச் செடிகளை நட்டார்.