பழைய டீசல் பிக்கப் காலையில் மக்கர் செய்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

லோடு வண்டி காலையில் கிளம்பவில்லை என்றால் நம் பக்கத்தில் முதலில் கேட்கிற பேச்சு, "பனி சார், எஞ்சின் குளிர்ந்து போச்சு" என்பதுதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. டீசல் எஞ்சினுக்கு அது குளிரே இல்லை. டிஐ என்று எழுதியிருக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால், இந்தக் குளிரில் இரண்டு மூன்று விநாடி செல்ஃபிலேயே பிடித்துவிட வேண்டும். பத்து விநாடி, பதினைந்து விநாடி அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் பழியைப் பனியின் மேல் போடாதீர்கள். வண்டியில் கோளாறு இருக்கிறது. நம் கரையோரத்தில் அது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் ஒளிந்திருக்கும். ஒன்று, பேட்டரி மைனஸை எஞ்சினோடும் சேசிஸோடும் இணைக்கும் எர்த் வயர். இன்னொன்று டீசல் லைனில் புகும் காற்று. இரண்டுக்கும் செலவு குறைவு. ஆனால் வண்டிக்காரர்கள் செலவு செய்வதோ புது பேட்டரிக்கும் பம்ப் வேலைக்கும்!

நான் பேசுவது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிகளைப் பற்றி. டாடா 207 டிஐ, பழைய பொலேரோ பிக்கப், நாம் குட்டி யானை என்று கூப்பிடும் பழைய டாடா ஏஸ் போன்றவை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைத் தூவும் புது வகையான காமன் ரெயில் வண்டிக்கு இதில் பாதி பொருந்தாது. குறிப்பாக, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டருக்கு வரும் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கிற வேலையை அந்த வண்டியில் செய்யவே கூடாது. அதன் லைனில் இருக்கும் அழுத்தம் 1000 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் போகும், தோலைக் கிழித்து டீசலை உள்ளே செலுத்திவிடும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினேழு, பதினெட்டு மடங்கோ அதற்கு மேலோ நெருக்கும்போது உண்டாகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அதற்கு எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், நெருக்கிய காற்று ஒழுகக் கூடாது, டீசல் சரியான நேரத்தில் தூவலாக விழ வேண்டும். அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, சோம்பிச் சுற்றுகிறதா? செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? மக்கர் செய்வது இரவு நின்ற பிறகா, ஓடிச் சூடாகி நிறுத்திய பிறகா? பாதி வழக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

செல்ஃப் சோம்பிச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு நின்ற வண்டியில், சாவி போடும் முன், பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 இருந்தால் பாதிதான். பிறகு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 9-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசி, அளவுக்கு மீறிக் கரண்டை இழுக்கிறது. பேட்டரியில் 11 வோல்ட் நின்றும் செல்ஃப் முக்கி முனகினால் குற்றவாளி கரண்ட் போகும் வழியில் இருக்கிறார்.

அவரைப் பிடிப்பது சுலபம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், மேலே இருக்கும் கிளாம்பில் வைக்காதீர்கள். மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதேபோல் பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே பாருங்கள். அங்கே 0.5 வரை பொறுக்கலாம். மீட்டர் கையில் இல்லாவிட்டால், தடிமனான ஜம்பர் வயர் ஒன்றைப் பேட்டரி மைனஸில் இருந்து நேராக எஞ்சின் போல்ட் ஒன்றுக்குக் கொடுத்துச் செல்ஃப் அடியுங்கள். சட்டென்று வேகம் கூடினால் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

கடலூர் முதுநகர், தேங்காய்த்திட்டு துறைமுகங்களில் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு இந்த எர்த் வியாதி தனியாகவே உண்டு. பெட்டியில் இருந்து உருகும் ஐஸ் தண்ணீர், மீனோடு வந்த உப்புத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு பலகை இடுக்கு வழியே சேசிஸில் வழிகிறது. அது எர்த் வயரின் நுனியில் போல்ட் மாட்டும் வளையமான லக்குக்குள் ஏறி, ரப்பர் உறைக்குள்ளேயே செம்புக் கம்பியைக் களிம்பு பிடிக்க வைக்கிறது. வெளியே பார்த்தால் வயர் புதுசு போலத் தெரியும். லக்கில் இருந்து இரண்டு விரற்கடை தள்ளி வயரை வளைத்துப் பாருங்கள். உள்ளே மொறமொறவென்று நொறுங்கினால், உறையைச் சீவினால் பச்சைப் பொடியாகக் கொட்டும். அதைச் சுரண்டி மறுபடி மாட்டுவதில் பயனில்லை. 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயரை, லக்கை நன்றாக நெரித்து, எஞ்சினுக்கு ஒன்று, சேசிஸுக்கு ஒன்று என்று போடுங்கள். லக் உட்காரும் இடத்தில் இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் தேய்த்து, போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். பேட்டரி முனையில் வெள்ளை பூத்திருந்தால் முதலில் மைனஸைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்.

இனி, செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, வண்டி மட்டும் பிடிக்கவில்லை. இப்போது சைலன்சரைப் பாருங்கள். துளிப் புகையும் இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. பச்சை டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. இவை இரண்டும் வேறு வேறு வழக்குகள். கலக்கக் கூடாது.

புகை இல்லாத வழக்கில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப் சாலினாய்டு, அதாவது சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்தும் மின்வால்வு. ரோட்டரி வகை டீசல் பம்ப் தலையில் ஒற்றை வயரோடு இருக்கும். சாவியை ஆன் செய்தால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் சத்தம் இல்லையென்றால் சாலினாய்டு போய்விட்டது. வரவே இல்லையென்றால் ஃபியூஸ், அல்லது உப்புக் காற்றில் பூத்துப்போன கனெக்டர். இழுத்து நிறுத்தும் ஸ்டாப் கேபிள் உள்ள வண்டியில், பம்ப் பக்கத்து லீவர் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். கேபிள் துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றிருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

அடுத்தது காற்று. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டேங்கில் இருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பகுதியில் நுண்ணிய ஓட்டை இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது, லைனும் காய்ந்தே இருக்கும். இரவு நிறுத்தியதும் அந்த ஓட்டை வழியே காற்று புகுந்து, லைனில் உள்ள டீசல் மெல்லத் திரும்பி டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் உறிஞ்சுவது வெறும் காற்றை. ஒருமுறை கிளம்பிவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடும். மறுநாள் காலை பழைய கதைதான். இந்த அடையாளத்தை மறக்காதீர்கள்.

உறுதி செய்ய, காலையில் செல்ஃபைத் தொடும் முன் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பம்ப்பை, அதாவது பிரைமரை, கெட்டியாகும்வரை அடியுங்கள். அதன்பின் முதல் செல்ஃபிலேயே பிடித்தால் காற்றோ, டீசல் திரும்பி இறங்குவதோதான் காரணம். ஓட்டை எங்கே என்று பார்க்க, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு முழம் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸ் மாட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது தொடர்ந்து குமிழி போனால் ஓட்டை அதற்கு முன்னால் இருக்கிறது. அதன்பின் 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, எஞ்சினை விட உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். டேங்கில் இருந்து ஃபீட் பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றி, கேனில் இருந்து ஹோஸ் கொடுங்கள். ரிட்டர்ன் குழாயையும் கேனிலேயே விடுங்கள். கேன் உயரத்தில் இருப்பதால், காற்று உள்ளே போன ஓட்டையில் இப்போது டீசல் வெளியே வரும். ஒரு காகிதத்தால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பாருங்கள், ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். எங்கும் ஈரமில்லை, மறுநாள் காலையும் வண்டி பட்டென்று கிளம்புகிறது என்றால், கோளாறு டேங்குக்கும் நீங்கள் ஹோஸ் மாட்டிய இடத்துக்கும் இடையே. அங்கே சேசிஸ் கிளிப்புக்கு அடியில் துருப்பிடித்த இரும்புக் குழாயையும், வெயிலில் விறைத்துப்போன ரப்பர் ஹோஸையும் முதலில் பாருங்கள். குழாயை இணைக்கும், நடுவே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுகளில் போடும் காப்பர் வாஷரைக் கழற்றினால் புதிதாகத்தான் மாட்ட வேண்டும். இரண்டாம் முறை மாட்டிய பழைய வாஷர் காற்றை விடும், அதன் விலையோ ஒரு டீக்காசு. இன்ஜெக்டர்களின் தலையைக் கோத்துப் போகும் மெல்லிய ரிட்டர்ன் ரப்பர்களையும் விட்டுவிடாதீர்கள்.

சரிசெய்த பிறகு காற்றை வெளியேற்ற, ஃபில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்திப் பிரைமர் அடியுங்கள். நுரை நின்று தெளிவாக டீசல் வரும்போது, வந்துகொண்டிருக்கும்போதே திருகை முறுக்குங்கள். பிறகும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டருக்கு வரும் குழாய்களின் நட்டுகளை முக்கால் சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் முறுக்குங்கள். முகத்தையும் கையையும் தள்ளியே வையுங்கள். செல்ஃபை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவே ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

ஃபில்டரைத் தொட்ட கையோடு தண்ணீரையும் பாருங்கள். புதுச்சேரியில் விலை குறைவு என்று டீசலைக் கேனில் வாங்கி வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். கேன் மூடி சரியில்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீரும் சேர்ந்துவிடும். ஃபில்டர் அடித் திருகைத் திறந்து ஒரு டம்ளர் அளவு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் பிரிந்து நிற்கும்.

வெள்ளைப் புகை வழக்குக்கு வருவோம். குட்டி யானையில், கிளம்பும் முன் எரியறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இருக்கிறது, சிலிண்டர் இரண்டுதான். ஒரு பிளக் போனாலே பாதி எஞ்சின் பற்றாது. பிளக் மேல் உள்ள இணைப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லைட்டின் கிளிப்பைப் பேட்டரி பிளஸில் மாட்டி, ஊசியைப் பிளக் நுனியில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை, எரியாவிட்டால் மாற்றுங்கள். இன்னொன்று, ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஏர் ஃபில்டர் வழியாக ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ பெட்ரோலோ காட்டவே காட்டாதீர்கள். சூடேறிய பிளக்கில் பட்டு நேரம் தவறி வெடித்தால் பிஸ்டன் உடையும். துணியைக் கொளுத்திக் காட்டுவதும் அதே ரகம்தான்.

பிளக் சரி, செல்ஃப் வேகமும் சரி, ஆனாலும் வெள்ளைப் புகை என்றால் வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியைப் பாருங்கள். அது இறுகிப்போனால் வால்வு முழுசாக உட்காராது, காற்று ஒழுகும். எஞ்சின் பிரிக்கச் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய மலிவான வேலை இது. அதற்கும் மசியாவிட்டால், நெருக்கிய காற்றின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். சிலிண்டருக்குச் சுமார் 28 பார் இருப்பது நல்ல எஞ்சின், 20-க்குக் கீழே போனால் காலையில் அடம்பிடிக்கும். பெட்ரோல் எஞ்சினில் செய்வதுபோல் ஆயில் ஊற்றிச் சோதிப்பது இங்கே வேண்டாம். டீசலில் எரியறை மிகச் சிறியது, ஊற்றிய ஆயிலே இடத்தை அடைத்துப் பொய்க் கணக்குக் காட்டும், அதிகமானால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடையும் வளைக்கும்.

காலையில் சமர்த்தாகக் கிளம்பி, சூடாகி நிறுத்திய பிறகு மக்கர் செய்கிற வண்டி வேறு ஜாதி. சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். பம்ப்பின் உட்பாகம் தேய்ந்திருந்தால் அந்த நீர்த்த டீசல் உள்ளேயே ஒழுகி, செல்ஃப் வேகத்தில் அழுத்தம் ஏறாது. ஈரத் துணியைப் பம்ப் தலை மேல் ஐந்து நிமிடம் போட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால் பம்ப் கடைக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. துணி போடும்முன் சாலினாய்டு வயரில் ஈரம் படாமல் ஒதுக்குங்கள்.

மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது தெருவெல்லாம் தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். அப்படி முழுகிய வண்டியில் ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை நெருக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் ஹீட்டர் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

பம்ப் கடைக்கு இன்ஜெக்டரின் தூவும் முனையான நாசில்களைக் கொண்டுபோனால், உங்கள் கண்ணெதிரே டெஸ்ட்டரில் மாட்டச் சொல்லுங்கள். திறக்கும் அழுத்தம் உங்கள் எஞ்சின் புத்தகத்தில் போட்டபடி இருக்கிறதா என்று கேளுங்கள். டிஐ எஞ்சினில் அது பொதுவாக 200 பாரை ஒட்டியோ மேலேயோ இருக்கும், குட்டி யானை வகையில் அதைவிடக் குறைவு. தூவல் புகை மாதிரி விழ வேண்டும், கோடாக விழக் கூடாது. அந்த அழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாகப் பத்து விநாடி பிடித்து வைத்தால் நுனியில் சொட்டுக் கோக்கக் கூடாது. சொட்டுகிற நாசிலை மட்டும் மாற்றினால் போதும். நான்கையும் மாற்றச் சொன்னால், மற்ற மூன்றில் என்ன தப்பு என்று டெஸ்ட்டரில் காட்டச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது நாசில் அடியில் புது வாஷர்.

வணக்கம்.