செரோவே திடலில் தோற்றது யார்?

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். ஆப்பிரிக்காவின் தெற்கே போட்ஸ்வானா நாட்டில் வாழும் த்ஸ்வானா மக்களின் கிராமத்தைத் தாங்கி நிற்பது குலமா, அரசா? குலமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "குலம் என்றால் தலைவர் சொல்வார், மற்றவர் தலையாட்டுவார்" என்றார். ஐயா, போட்ஸ்வானாவின் செரோவே ஊருக்கு வாருங்கள். அங்கே ஊர் கூடிப் பேசும் திடலுக்குக் கோட்லா என்று பெயர். தலைவரைக் கோசி என்பார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் கோசி முடிவு சொல்வார். "மக்களால்தான் கோசி கோசியாகிறார்" என்பது அவர்கள் பழமொழி.

1948இல் செரோவேயின் பாங்வாட்டோ குலத் தலைமைக்கு வாரிசான செரெட்சே காமா, லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். அவருக்குப் பதிலாகத் தலைமைப் பொறுப்பைக் கவனித்து வந்த சித்தப்பா செகெடி கொதித்துப் போனார். முதலில் கூடியபோது ஊரும் சித்தப்பா பக்கம்தான். சரி, அதோடு விட்டார்களா? மறுபடி கூடினார்கள், மறுபடி பேசினார்கள். 1949 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று, செரெட்சேதான் எங்கள் கோசி என்றார்கள். அதிகாரம் கையில் இருந்த சித்தப்பாவே தோற்றார். தலையாட்டுகிற கூட்டமா இது?

அப்புறம் அரசு என்ன செய்தது? ஊர் ஏற்ற மனிதரை, அப்போது அந்த நாட்டை ஆண்ட பிரிட்டிஷ் அரசு 1950இல் நாடு கடத்தியது. 1956இல்தான் அவர் திரும்ப முடிந்தது. அவரே 1966இல் சுதந்திர போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவர். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிற வரலாறு இது.

வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். மாடு இல்லாத வீட்டுக்கு, மாடு உள்ளவர் சிலவற்றை வளர்க்கக் கொடுப்பார். அந்த வழக்கத்துக்கு மஃபிசா என்று பெயர். பால் வளர்ப்பவருக்கு, ஏர் பூட்டவும் அவருக்கு உரிமை உண்டு. 1976இல் பல்கலைக்கழகம் கட்டப் பணமில்லாமல் போட்ஸ்வானா அரசு மக்களிடம் கேட்டதும் "ஆளுக்கொரு மாடு" என்றுதான். மக்கள் மாடு கொடுத்தார்கள். மாடு இல்லாதவர்கள் தானியமும் முட்டையும் கொடுத்தார்கள்.

பெண்களுக்குக் கோட்லாவில் இடமில்லை என்றார் நண்பர். ஒரு காலத்தில் அது உண்மை. மறைக்க மாட்டேன், அது அநியாயம்தான். ஆனால் 2003இல் ராமோட்ஸ்வா என்ற ஊரில் பாலெட்டே குலத்தின் கோசியாக அமர்ந்தவர் மோசாடி செபோகோ. அவர் ஒரு பெண், நடுவர் அவர்களே.