தட்டி எழுப்புற பட்டி

எல்லாருக்கும் வணக்கம். வானொலியில நாயப் பத்தி பேசப் போறேன்னு சொன்னதும் வீட்டுல ஒரே சிரிப்பு, முப்பது வருசம் மாட்டாஸ்பத்திரியில பட்டிக்கு ஊசி போட்டது போதாதான்னு கேட்டாவ. நம்ம விளவங்கோடு பக்கம் நாய்னு யாரு சொல்லுதா, பட்டிதான.

எனக்கு மச்சினன் முறையில ஒருத்தன், தூத்தூர் பக்கம். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ கடல்ல இருந்தான், கவுந்த வள்ளத்தப் பிடிச்சிட்டு ரெண்டு ராத்திரி கிடந்திருக்கான், கூட இருந்தவனுக்கு கை நழுவினத கண்ணால பாத்திருக்கான். கரை வந்து சேந்தாச்சு, ஆனா தென்ன ஓலை கூரையில உரசினாப் போதும், ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அலறுவான். கோயில் திருவிழாவுக்கு வெடி போட்டா கட்டிலுக்கு அடியில போயிருவான். ஊர்ல சிலபேரு பேய்னாவ, சிலபேரு பயந்தாங்கொள்ளின்னாவ. டாக்டருதான் இது பி.டி.எஸ்.டி., பெரிய அதிர்ச்சிக்குப் பெறவு மனசுல தங்கிப்போற நோய்னு பேரு சொன்னாரு.

இந்தப் பேர அமெரிக்க மனநல டாக்டருமாரு அவங்க நோய்ப் பட்டியல்ல சேத்ததே 1980லதான், வியட்நாம் போருக்குப் போயிட்டு வந்த பட்டாளத்துக்காரங்க பாடு அதுல பெரிய காரணம். அதுக்காக பட்டாளத்துக்காரங்களுக்குத்தான் வரும்னு இல்ல, விபத்து, வன்முறை, புயல், சுனாமி எதுலயும் வரலாம். நடந்தது முடிஞ்சு வருசமாயிருக்கும், உடம்புக்கு மட்டும் அது இன்னும் முடிஞ்சிருக்காது.

இதுக்கு வெளிநாட்டுல நாயப் பழக்கி குடுக்காவ, சர்வீஸ் டாக்னு பேரு. சும்மா மடியில படுத்து கொஞ்சுற பட்டி இல்ல கேட்டியளா, அதுக்கு வேலை இருக்கு. கெட்ட கனவுல கை கால் உதறினா மூக்கால தள்ளி எழுப்பும், சிலது லைட் சுவிச்சையே தட்டும். கடையில கியூவுல நின்னா ஆளுக்குப் பின்னால குறுக்க நின்னு யாரும் ஒட்டி வராம பாத்துக்கும், ஏன்னா முதுகுக்குப் பின்னால ஆள் வந்தாலே இவங்களுக்கு நெஞ்சு படபடக்கும். மூச்சு முட்டுனா மேல படுத்து பாரத்தக் குடுக்கும், அந்தக் கனத்துல மனசு கொஞ்சம் இறங்கி வரும்.

எப்படிப் பழக்குறாவன்னு கேளுங்க, இதுதான் எனக்குப் பிடிச்ச இடம். பழக்குறவரு நாற்காலியில இருந்து வேணும்னே கால ஆட்டுவாரு, கைய சொறிவாரு, நாய் வந்து மூக்கால கையத் தொட்டா உடனே ஒரு துண்டு தீனி. பெறவு படுத்துக்கிட்டு தூக்கத்துல உதறுற மாதிரி நடிப்பாரு, முகத்துக்கிட்ட வந்தா தீனி. இப்படி ஆயிரம் தடவ. முழுசா பழகிவர ஒன்றரை, ரெண்டு வருசம் ஆவும், அதனாலதான் செலவும் ஜாஸ்தி.

மனுசன் கலங்குறத நாய் மோந்தே கண்டுபிடிக்குமாங்குறத கனடாவுல சோதிச்சுப் பாத்தாவ, 2024ல வெளிவந்தது. பழைய அதிர்ச்சிய நெனச்சப்போ விட்ட மூச்சும் சாதாரண மூச்சும் மாஸ்க்குல பிடிச்சு நாய்கிட்ட குடுத்தாவ. 25 நாய்ல தொடங்கி கடைசியில தேறினது ரெண்டே ரெண்டு, ஐவி, கேலி. கேலின்னு பேருதான், கிண்டல் இல்ல. ரெண்டும் பத்துக்கு ஒம்பது தரம் சரியா சொல்லிச்சு. அதே வருசம் அமெரிக்காவுல 156 முன்னாள், இந்நாள் பட்டாளத்துக்காரங்கள வச்சு பாத்ததுல, நாய் கிடைச்சவங்களுக்கு மூணு மாசத்துல அறிகுறி நல்லா குறைஞ்சிருந்தது. ஆனா அவங்க மருந்தையும் கவுன்சலிங்கையும் விட்டுரல, அதுவும் இருந்தது, நாயும் இருந்தது.

அமெரிக்காவுல சட்டமும் கூட நிக்குது, கடைக்காரரு ரெண்டு கேள்விதான் கேக்கலாம், உடல், மனக் குறைபாட்டுக்காகத் தேவைப்படுற நாயா, என்ன வேலைக்குப் பழக்கினது, அவ்வளவுதான், சர்ட்டிபிகேட் கேக்கக்கூடாது. இங்க ரயில்ல பட்டியக் கூட்டிட்டுப் போணும்னாலே ஒண்ணு ஏசி பர்ஸ்ட் கிளாஸ்ல தனி கூப்பே பிடிக்கணும், இல்ல ரயில் கார்டு இருக்குற பெட்டியில கூண்டுல போடணும். ஒரு ஆபீஸ் வாசல்ல மச்சினன் அவன் நாயோட நின்னப்ப வாட்ச்மேன் கம்ப எடுத்துட்டு வந்தாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல, அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா.

ஆமா, அவனுக்கும் ஒரு பட்டி இருக்கு. மணின்னு பேரு, சாதா நாட்டு நாய். சர்வீஸ் டாக்குனு நான் சொல்லமாட்டேன், பொய்யாயிரும். எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அந்த தீனி வேலைய செஞ்சு பாத்தோம், நான் கட்டில்ல உதறி நடிக்க, தங்கச்சி கதவுக்குப் பின்னால நின்னு சிரிக்க, நாலு மாசம் ஆச்சு. இப்போ அவன் அலறதுக்கு முன்னாடியே மணி கையில மூக்க வச்சு இடிக்குது, அவன் கண்ண முழிச்சு அதோட காதப் பிடிச்சுட்டு கொஞ்ச நேரம் இருப்பான், மூச்சு நேராவும். மாத்திரையும் சாப்பிடுதான்.

வீட்டுல இப்படி யாராவது இருந்தா வெட்கப்படாம 14416க்குப் போன் அடிங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாவ. பட்டின்னாலே பயப்படுறவங்க கட்டாயம் வளக்கணும்னும் இல்ல. வளக்கிறவங்களும் அதுக்கு ஓய்வு குடுங்க, நாள் முழுக்க டியூட்டி பாக்க அது மிசின் இல்ல.

மணிகிட்ட ஒரே ஒரு குறைதான். அடுப்புல சாளை மீன் பொரியுற வாசம் வந்துட்டா மச்சினன் என்ன உதறினாலும் அதுக்குக் கேக்காது. அத மட்டும் எங்களால மாத்த முடியல. நன்றி, வணக்கம்.