உயர்த்திய பிக்கப்பில் ட்ரெய்லர்: கணக்கு உருண்டையில் தொடங்குகிறது

[காட்சி: பாலைவன மலையில் ஏறும் நெடுஞ்சாலை. மூலையில் அரிசோனாவின் வரைபடம்.]

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் தொடங்கும் ஏற்றம் இது. 11 மைலுக்கு மேல் விடாமல் ஏறுகிறது. பிக்கப் டிரக் எத்தனை பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஜே2807 தரநிலை இந்த ஏற்றத்தைத்தான் அளவுகோலாகக் கொண்டது. கொளுத்தும் வெயில், ஏசி முழுவீச்சில், பின்னால் முழுப் பாரம். அப்படியும் சாதாரண பிக்கப்பின் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது.

அந்தத் தேர்வை எழுதியது தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்திலேயே இருந்த வண்டி. வண்டியை 6 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் 35 அங்குல டயரும் மாட்டிய வண்டி அந்தத் தேர்வுக்கே போகவில்லை. மதிப்பெண்ணை மட்டும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறது.

உயர்த்திய வண்டியில் ட்ரெய்லர் இழுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக இழுக்கலாம். ஆனால் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். குதிரைத்திறனை விட்டுவிடுங்கள், ட்ரெய்லரை மாட்ட டிரக்கின் பின்னால் இருக்கும் ஹிட்ச் உருண்டை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பதில் தொடங்குங்கள்.

[காட்சி: பக்கவாட்டில் டிரக்கும் ட்ரெய்லரும். ட்ரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது.]

டிரக்கின் பின்புறம் உயர்ந்தால் உருண்டையும் கூடவே உயரும். ட்ரெய்லரின் மூக்கு மேலே போகும், வால் தாழும். பாரம் பின்னோக்கிச் சாய்ந்து, மூக்கு உருண்டையை அழுத்தும் எடை குறையும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அந்த மூக்கில் இருந்தாக வேண்டும். 6,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 600 முதல் 900 பவுண்டு. அதற்குக் கீழே போனால், ஒரு பெரிய லாரி பக்கத்தில் கடந்து செல்லும் காற்றே போதும், ட்ரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கிவிடும்.

இரட்டை அச்சு ட்ரெய்லரில் இன்னொரு தொல்லை. ரப்பர் முறுக்கு அச்சு (ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே இருக்கும் ரப்பர் அதிர்வைத் தாங்கும் வகை) உள்ளவற்றில், ஓர் அச்சின் பாரத்தை மற்றதற்குப் பகிர்ந்து கொடுக்க எந்த ஏற்பாடும் கிடையாது. மூக்கு தூக்கினால் பின் அச்சின் டயர்களே பெரும்பாரத்தைச் சுமந்து சூடேறும். ட்ரெய்லர் டயரை லேசாக நினைக்காதீர்கள். 2018 ஜூலையில் கலிபோர்னியாவின் சாஸ்தா மாவட்டத்தைப் பொசுக்கிய, ‘கார்’ (Carr) என்று பெயரிட்ட காட்டுத்தீ, காற்றிறங்கிய ஒரு ட்ரெய்லர் டயரின் உலோக வளையம் சாலையில் உரசிய பொறியில் பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன.

[காட்சி: அளவு நாடா. அண்மைக் காட்சி.]

அளப்பது எளிது. சமதளத்தில் ட்ரெய்லரைத் தனியாக நிறுத்தி, ஜாக்கியால் மட்டமாக்குங்கள். தரையிலிருந்து கப்ளரின், அதாவது உருண்டையைக் கவ்வும் ட்ரெய்லர் மூக்கின் கிண்ணத்தின், அடிவிளிம்பு வரை அளந்து பாருங்கள்: 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு டிரக்கின் ரிசீவர் (ஹிட்ச் தண்டைச் செருகும் குழாய்) துளைக்குள் மேல்விளிம்பு வரை: 26 அங்குலம். வித்தியாசம் 8. உருண்டையைத் தாங்கி அவ்வளவு கீழே இறங்கும் ஹிட்ச் தண்டு உங்களுக்கு வேண்டும்.

இங்கேதான் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. பிரேக் அடிக்கும்போது ட்ரெய்லர் உருண்டையை முன்னால் தள்ளுகிறது. உருண்டையோ ரிசீவருக்கு 8 அங்குலம் கீழே தொங்குகிறது. தள்ளும் விசை அந்த நீளத்தால் பெருகி, ரிசீவரைத் திருகப் பார்க்கிறது. ஆகவே, இறக்கத்தை மாற்றிக்கொள்ளும் வகைத் தண்டு வாங்கினால், அதில் பொறித்த எடை எந்த இறக்கத்துக்கு உரியது என்று பாருங்கள். தண்டு, உருண்டை, ரிசீவர் மூன்றில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை.

பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட்டு மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் தரையில் விழாமல் அவை தாங்கும். கொக்கி மாட்டும் இடம் மேலேயே இருப்பதால், பழைய சங்கிலியின் நீளம் போதாமல் போகலாம். முழுத் திருப்பம் திருப்பிப் பார்த்துவிடுங்கள். நீளம் கூடிச் சாலையில் இழுபட்டால் மறுபடி தீப்பொறி.

[காட்சி: ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கர்.]

லிஃப்ட் கிட் வண்டியின் சுமைத் திறனைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். ஸ்டிக்கரில் 1,500 பவுண்டு என்றிருக்கிறது. கிட்டும் கனமான டயரும் 200 பவுண்டு கூட்டிவிட்டன என்று வையுங்கள். மீதி 1,300. நால்வர் ஏறினால் 600 போய்விடும். மூக்குச் சுமை 700. முடிந்தது. ஐஸ் பெட்டிக்கு இடமில்லை.

டயரைப் பற்றி இரண்டே சொல். 32 அங்குலத்திலிருந்து 35-க்கு மாறினால், 3.73 அச்சு விகிதம் (சக்கரம் ஒரு முறை சுழல டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்) ஏறக்குறைய 3.41 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் வண்டி திணறும். பல்சக்கரத்தை 4.10-க்கு மாற்றினால் பழைய இழுவை திரும்பும். மீட்டரைத் திருத்தாவிட்டால் அது 60 காட்டும்போது நீங்கள் 65-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

[காட்சி: ஓட்டுநரின் கைகள். பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி.]

எல்லாம் செய்தும் ட்ரெய்லர் வாலாட்டினால்? டிரக்கின் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருத்தவும் பார்க்காதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ட்ரெய்லர் பிரேக்கை மட்டும், ஓட்டுநர் அருகே இருக்கும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியில், கையால் அழுத்துங்கள். அது பின்னாலிருந்து இழுத்து வரிசையை நேராக்கும். கருவி எங்கே இருக்கிறது என்று தேடாமல் கை போகும்படி, ஆளில்லாத மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

[காட்சி: நெடுஞ்சாலை ஓரத்து எடை மேடை.]

புறப்படுமுன் எடை மேடையில் ஏற்றிவிடுங்கள். அச்சு வாரியாக எடை தருவார்கள். செலவு அதிகமில்லை. முதலில் டிரக் தனியாக, பிறகு ட்ரெய்லருடன். இரண்டாவது சீட்டில் முன் அச்சு வெகுவாக லேசாகிவிட்டால் ஸ்டியரிங் பிடி தளரும். பின்புற ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை வைத்தால் வண்டி மட்டமாகத் தெரியும். முன் அச்சுக்கு எடை திரும்பாது. அதற்கு, மூக்குச் சுமையின் ஒரு பகுதியை முன் அச்சுக்குத் தள்ளும் எடைப் பகிர்வு ஹிட்ச்தான் வழி.

பாரம் மிஞ்சினால் முதலில் ட்ரெய்லரின் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். 40 கேலன் என்றால் 330 பவுண்டு. காலி செய்த தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் மூக்குச் சுமை கூடும், முன்னால் இருந்தால் குறையும். ஆகவே இன்னொரு சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.