புகை குறைந்த அடுப்பு: கொண்டுபோய்க் கொடுப்பது சுலபம், அப்புறம்?

[திரையில்: மூன்று கல், நடுவில் நெருப்பு, மேலே பாத்திரம்]

வணக்கம். விறகடுப்பிலிருந்து வரும் புகை உண்மையில் என்ன தெரியுமா? எரியாமல் தப்பிப்போன விறகுதான். கட்டை சூடாகும்போது முதலில் அதில் இருக்கும் ஈரம் ஆவியாகும், அப்புறம் எரியக்கூடிய வாயுக்கள் வெளியே வரும், அந்த வாயுக்களுக்குப் போதுமான சூடும் காற்றும் கிடைத்தால் சுவாலையாக எரிந்துவிடும், கிடைக்காவிட்டால் நேராகக் கண்ணுக்கும் நுரையீரலுக்கும்தான். ஈர விறகு அவ்வளவு புகைவதும் இதனால்தான், நெருப்பின் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை விரட்டுவதிலேயே போய்விடுகிறது.

இதற்கு மேல் இன்னொரு நஷ்டம். மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் சாதாரணமாக 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மிச்சமெல்லாம் பக்கவாட்டில் காற்றோடு போய்விடும். அந்த மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் யாரோ ஒருவர் தலைச்சுமையாக விறகு தூக்கிவருகிறார்.

[திரையில்: ராக்கெட் அடுப்பின் குறுக்குவெட்டு]

1980களில் லாரி வினியார்ஸ்கி என்பவரின் யோசனையில் வந்தது ராக்கெட் அடுப்பு. முழங்கை மாதிரி வளைந்த ஒரு குழாய், அவ்வளவுதான். கீழ்வாயில் சுள்ளிகளைச் செருக வேண்டும், செங்குத்தான பகுதிக்குள் நெருப்பு மேலே இழுக்கப்படும், குழாயைச் சுற்றி வெப்பம் கடத்தாத பொருள் இருப்பதால் உள்ளே சூடு தேங்கி, புகையாக வந்திருக்க வேண்டிய வாயுக்களும் எரிந்துவிடும். இதையே இன்னும் ஒரு படி தாண்டினால், சின்ன மின்விசிறி வைத்துக் காற்றை ஊதும் அடுப்பு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பலரும் குழப்பிக்கொள்வது இதைத்தான். விறகை மிச்சப்படுத்துவது வேறு, புகையைக் குறைப்பது வேறு. பாத்திரத்தை நெருப்புக்குப் பக்கத்தில் இறக்கினால் விறகு மிச்சமாகும், ஆனால் சுவாலை குளிர்ந்த பாத்திரத்தில் மோதி அணைந்து புகைக்கரி கூடிவிடலாம். புகைபோக்கி வைத்தால் சமையலறை தெளிவாகும், புகை என்னவோ வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்குள் நுழையும். மரக்கரி அடுப்பில் கண்ணெரிச்சல் குறைவு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு அதில் அதிகம். "மேம்படுத்தப்பட்ட அடுப்பு" என்று யாராவது சொன்னால், எதில் மேம்பட்டது என்று கேட்டுவிடுங்கள்.

சரி, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? உலகில் சுமார் 210 கோடிப் பேர் இன்னமும் விறகு, கரி, சாணம், பயிர்க்கழிவு, மண்ணெண்ணெய் போன்றவற்றில்தான் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சேரும் இந்தப் புகையால் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது, அதில் 2,37,000க்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

[திரையில்: புகை அளவும் நோய் அபாயமும், வளைகோடு]

ஆனால் பாதிப் புகை குறைந்தால் பாதி நோய் குறையும் என்று நினைத்தால், அப்படி நடப்பதில்லை. புகை கொஞ்சமாக இருக்கும்போதே அபாயம் சரசரவென்று ஏறிவிடுகிறது, அதற்கு மேல் ஏற்றம் மெதுவாகிறது. அதனால் மிக அதிகத்திலிருந்து அதிகத்துக்கு இறங்கி வந்தால் உடம்புக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆப்பிரிக்க நாடான மலாவியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், மின்விசிறி வைத்த விறகடுப்புகளை வீடுகளுக்குக் கொடுத்தார்கள், சோலார் தகட்டோடு. முடிவு லான்செட் மருத்துவ இதழில் வந்தது: குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. குப்பை எரிப்பது மாதிரி வேறு புகைகளும் அவர்களைச் சுற்றி இருந்ததை ஆய்வாளர்களே சொன்னார்கள்.

ஒடிசாவில் நடந்த ஆய்வு இன்னும் முக்கியம் என்பேன். புகைபோக்கி வைத்த மண்ணடுப்புகளைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். முதல் வருடம் புகை சுவாசிப்பது குறைந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது. ஏனென்றால் அடுப்பு விரிசல் விட்டது, யாரும் சரிசெய்யவில்லை, மெல்ல மெல்லப் பழைய அடுப்பே திரும்பி வந்தது.

இதற்கு "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். சமைப்பவர் பக்கம் நின்று பாருங்கள். புது அடுப்பின் வாய் சின்னது, கட்டையை ஒவ்வொன்றாகப் பிளந்து போட வேண்டும், அந்தக் கூடுதல் வேலை யார் தலையில்? பெரிய பாத்திரம் வைத்துக் கிண்டினால் அடுப்பு ஆடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு பாத்திரம் வைக்க முடியாது. குளிருக்கு ஒதுங்க, விளக்குக்குப் பதிலாக, பூச்சி விரட்ட என்று பழைய நெருப்பு செய்த வேறு வேலைகளையும் இது செய்யாது. அதனால் புதியதையும் வைத்துக்கொண்டு பழையதையும் எரிக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

தொலைதூர ஊர் என்றால் இது இன்னும் மோசம். சாலை முடிந்து நடந்து போக வேண்டிய இடத்தில் மின்விசிறியின் ஒரு சின்ன ஒயர் அறுந்தால் அடுப்பு முழுவதும் மூலைக்குப் போய்விடும். எரிவாயு சிலிண்டர்தான் நல்லது, அதில் சந்தேகமே இல்லை, புகை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அது தீர்ந்த அன்று அடுத்தது எப்படி வரும்? மினிகிரிட், அதாவது அந்த ஊருக்கென்றே அமைத்த சின்ன மின்கட்டமைப்பு, வந்த ஊர்களில் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் நல்ல வழி, குறைந்த மின்சாரத்தில் நீண்ட நேரச் சமையல் முடிந்துவிடும்.

எனவே என் வரிசை தலைகீழாக இருக்கும். அடுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ரிப்பேர் பார்க்க அந்த ஊரிலேயே யார் இருக்கிறார், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று பார்ப்பேன். அப்புறம் இரண்டு மூன்று மாதிரிகளைச் சில வீடுகளில் கொடுத்து, ஒரு மழைக்காலம் முழுக்கச் சமைக்கவிட்டு, அவர்கள் வேண்டாம் என்பதை விட்டுவிடுவேன். கென்யாவின் செராமிக் ஜிக்கோ என்ற கரி அடுப்பு 1980களிலிருந்து பரவியதற்கு இதுதான் காரணம்: ஏற்கெனவே புழங்கிய தகர அடுப்பின் வடிவம், உள்ளே சுட்ட களிமண் வளையம், செய்வது அங்கேயே இருக்கும் கைவினைஞர்கள், உடைந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். கரி அடுப்புதான், முழுத் தீர்வில்லை, ஆனால் நிலைத்தது.

[திரையில்: அடுப்பில் ஒட்டிய பொத்தான் அளவு வெப்பமானி]

கடைசியாகக் கணக்கு. எத்தனை அடுப்பு விநியோகித்தோம் என்பது கணக்கே இல்லை. அடுப்பில் பொத்தான் அளவு வெப்பமானியை ஒட்டினால் என்றைக்கு, எவ்வளவு நேரம் எரிந்தது என்று அதுவே பதிவு செய்யும். கேள்வித்தாளில் "தினமும் பயன்படுத்துகிறோம்" என்று வரும் பதிலைவிட இது பெரும்பாலும் குறைவாகவே காட்டும், வந்தவரைப் புண்படுத்த வேண்டாமே என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். இப்போது இதில் கார்பன் கிரெடிட் பணமும் புழங்குகிறது, அதாவது இவ்வளவு கார்பன் வெளியீட்டைக் குறைத்தோம் என்று கணக்குக் காட்டி அந்தக் குறைப்பை விற்பது. நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் 2024இல் வந்த ஆய்வின்படி, அவர்கள் பார்த்த அடுப்புத் திட்டங்கள் உண்மையில் குறைத்ததைப்போல சுமார் 9 மடங்குக்குக் கிரெடிட் வாங்கியிருந்தன. அதனால் அடுத்த முறை இத்தனை லட்சம் அடுப்பு கொடுத்தோம் என்று ஒரு விளம்பரம் வந்தால், வெப்பமானி ஒட்டினீர்களா, பழைய அடுப்பிலும் ஒட்டினீர்களா என்று கீழே கேளுங்கள்.